ஐந்துக்கு முன்னால் ஆறு

ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. இயக்குநர் இறந்து நான்கு நாள் ஆகிறது. அவருடைய படங்களை முதல் நாள் முதல் காட்சியில் ஓட்டிய ஆபரேட்டர் நீங்கள். நீங்கள் எப்படி நலமாக இருப்பீர்கள்?

செய்தி வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். நூலகர் வானொலியைச் சத்தமாக வைத்தார். வாசிப்பு அறையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர்தான் நிமிர்ந்தார்கள். மற்ற நான்கு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் நாளிதழைப் பார்த்ததும் அது இரண்டு மடங்காகிவிட்டது. "தனக்கென்று ஒரு பாணி அமையாத இயக்குநர்" என்று எழுதியிருக்கிறார்கள். மாமா, அவர் எடுத்தது பதினோரு படம். ஒரு பேய்ப்படம், ஒரு நீதிமன்றப் படம், மூன்று திருடர்கள் ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்குள் நுழைகிற சிரிப்புப் படம், போருக்குப் போனவனின் காலணிகளைப் பற்றிய படம், வாயே திறக்காத ஒரு சிறுமியின் படம். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஒரே சட்டையைத் தினமும் போடுகிறவருக்குப் பாணி இருக்கிறதாம், பதினோரு சட்டையைத் தானே தைத்தவருக்கு இல்லையாம்!*

எங்கள் பள்ளி இலக்கிய மன்றம் அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறது. கட்டுரை வாசிக்கப்போவது நான். நூலகத்தின் சனிக்கிழமைக் காட்சிகளில் ஒன்பது படங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கடிகாரம் பழுது பார்ப்பவரின் படத்தில் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை.

மனைவி இறந்த பிறகு அவர் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரலில் பூப்போட்ட துணியில் ஒரு கட்டு. அது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாது. அதற்கு அடுத்து, அவள் உயிரோடு இருந்த ஒரு நாள் வருகிறது. இருவரும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அவர் விரலை வெட்டிக்கொள்கிறார். அவள் பழைய தலையணை உறையைக் கிழித்துக் கட்டிவிடுகிறாள். பூப்போட்ட உறை. அந்த இடத்தில் நான் அழுதேன். நூலகரும் அழுதார், தூசி என்றார்.

நான் பார்த்த மற்றப் படங்கள் எதிலும் காலம் இப்படி முன்பின்னாக வருவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஏன்? பேட்டிகளில் கேட்டால் "பின்மண்டைகளைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்வாராம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அம்மா நலம். நான் எழுதுவதைப் பார்த்து "யாருக்கு?" என்றாள். மாமாவுக்கு என்றேன். "எந்த மாமா?" என்றாள். எனக்கு இருப்பதே ஒரு மாமா.

உங்கள் அன்பு மருமகள்

*இந்த உவமை என் சொந்த உவமை. கட்டுரையிலும் வரும்.


ஜூன் 19

அடிக்குறிப்புக்கு,

பள்ளிக்கூடக் கட்டுரைக்குத்தான் கீழே நட்சத்திரம் போடுவார்கள் என்று நினைத்தேன். மாமனுக்கு எழுதும் கடிதத்திலும் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உன் பெயரை இன்றிலிருந்து மாற்றிவிட்டேன்.

செய்தி வந்த அன்று இங்கே பகல் காட்சி. நான் வழக்கம்போல ஓட்டினேன். வேறு என்ன செய்ய?

பின்மண்டை விஷயம் எனக்குத் தெரியும். அவர் தன் படத்தின் முதல் காட்சியை ஒரு நாளும் கீழே உட்கார்ந்து பார்த்ததில்லை. மேலே என் கேபினுக்கு வந்துவிடுவார். மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஓட்டை உண்டு, திரையைப் பார்க்க. அதில் கண்ணை வைத்து, திரையைப் பார்க்க மாட்டார். உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைகளைப் பார்ப்பார். "முகம் மரியாதைக்குச் சிரிக்கும்யா. பின்மண்டைக்கு நடிக்கத் தெரியாது" என்பார். படம் பிடிக்கவில்லை என்றால் தலை அசையும், திரும்பும், பக்கத்துத் தலையோடு பேசும். பிடித்துவிட்டால் ஆணி அடித்தது போல நிற்கும். பேய்ப்படத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு தலை அசைந்தது என்று எண்ணி, கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டி எறிந்தார்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

கடிகாரக்காரர் படம் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ரீல் டப்பாக்கள் மழையில் நனைந்து வந்தன. இயக்குநர் வரப்போகிறாரே, கேபின் சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லா மூடிகளையும் கழற்றித் துடைத்துக் காயவைத்தேன். எண் எழுதியிருப்பது மூடியில். திரும்பப் போடும்போது ஐந்தாம் மூடி ஆறாம் டப்பாவுக்கும், ஆறாம் மூடி ஐந்தாம் டப்பாவுக்கும் போய்விட்டது. பிலிமின் நுனியிலும் எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். பக்கத்தில் அவர் நிற்கிறார் என்ற பதற்றத்தில் பார்க்கவில்லை.

நாலு ரீல் ஓடி முடிந்தது. அடுத்து, வெள்ளையடிக்கிற காட்சி வர வேண்டிய இடத்தில் அந்தப் பெண்ணின் சாவு வந்தது. நிறுத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்தாதே."

"சார், ரீல் மாறிப்போச்சு சார்..."

"தெரியுது. எடுத்தவனுக்குத் தெரியாதா? சும்மா இரு. தலையப் பாரு."

பார்த்தேன். எழுநூறு தலை. ஒன்றுகூட அசையவில்லை. அடுத்த ரீலில் அவள் தலையணை உறையைக் கிழித்தபோது கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே நேரத்தில் எழுநூறு பேர் மூச்சை இழுத்த சத்தம்.

அவர் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "மூடியத் துடைச்சியா?"

"ஆமா சார். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க சார். வேலை போயிடும்."

"சொல்ல மாட்டேன். இனிமே எல்லா ஊர்லயும் இப்படித்தான் ஓடும்."

அன்றைக்கே மற்ற ஊர்களுக்கெல்லாம் எண்ணை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார். முப்பத்து நாலு வருடம் யார் கேட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாராட்டையும் அவரே வாங்கிக்கொண்டார், திட்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான். கட்டுரையில் இதைப் போடாதே. உன் அம்மாவிடம் "எந்த மாமா" என்பதற்குப் பதில், முதல் காட்சியை விட்டுவிட்டு வராத மாமா என்று சொல்.

மாமா


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. மன்னிக்கவும். அகராதிக்குள் வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டில் அதை வேறு யாரும் திறப்பதில்லை.

கோபப்படாமல் படியுங்கள். நாளிதழில் வந்ததை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அவருக்காக ஒரு நினைவுக் குழு அமைத்திருக்கிறார்கள். அவர் மேசையில் கடிகாரக்காரர் படத்தின் கைப்பிரதி கிடைத்ததாம். அதில் வெள்ளையடிக்கும் காட்சி முன்னால், சாவு பின்னால். "விநியோகத்தில் நேர்ந்த குளறுபடியால் இத்தனை வருடங்கள் தவறாக ஓடிய படத்தை, இயக்குநர் எழுதிய வரிசைக்கே மாற்றி அவருக்கு அஞ்சலி செலுத்துகிறோம்" என்கிறார்கள். ஆகஸ்ட் 9, பகல் காட்சி. எந்தத் திரையரங்கு என்று பாருங்கள். உங்கள் திரையரங்கு!

இனிமேல் போடுகிற பிரதிகள் எல்லாம் அந்த வரிசையில்தானாம். அப்படியென்றால் எனக்குப் பிறகு பிறக்கிற யாருக்கும் அந்தப் பூப்போட்ட துணி எதிர்பாராமல் வராது. அவள் கட்டுவதை முதலில் பார்த்துவிடுவார்கள். பிறகு சாவு வரும்போது அது வெறும் கட்டு.

குழு சொல்வது பாதி உண்மை, அதுதான் மோசம். தவறு நடந்தது. ஆனால் அதைப் பார்த்து, எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது அவர். தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நான் எழுதிய ஒரு வரியைத் தமிழய்யா மாற்றினாலே இரண்டு நாள் சாப்பிட மாட்டேன்.

உங்கள் பெயரைச் சொல்லாமல் குழுவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, நன்றாகப் படிக்கவும்" என்று அச்சடித்த அட்டை வந்தது.

நான் சொன்னால் அட்டை வரும். நீங்கள் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேபினில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். சொல்லுங்கள் மாமா.

மருமகள்


ஜூலை 10

மருமகளுக்கு,

குழுவிலிருந்து செயலாளர் போன வாரமே இங்கே வந்து போனார். நீ வெட்டி அனுப்பித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிறது. ஆபரேட்டர் சங்கத்தில் எனக்கு ஒரு கேடயம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன வாசகம் தெரியுமா? "முப்பத்தாறு வருடம், ஒரு பிழையும் இல்லாமல்." இங்கே புதிதாக வருகிறவனுக்கெல்லாம் என்னைக் காட்டித்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் காட்சியை விட்டுவிட்டு நான் வரவில்லை. அவர் பிழைத்துவிட்டார். உன் அம்மா இன்னும் என் முகத்தில் விழிக்கவில்லை. அந்த வேலைக்காக அவ்வளவு கொடுத்திருக்கிறேன். இப்போது மேடையேறி, நான் மூடியை மாற்றிப் போட்டவன் என்று சொல்ல வேண்டுமா?

அதுவும் போகட்டும். ஊரே வியந்த விஷயம் ஒரு ஆபரேட்டரின் கைத்தவறு என்று தெரிந்தால் அவர் பெயர் என்னாகும்? செத்த மனிதரைப் பார்த்து ஊர் சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டுமா?

உனக்குப் பதினைந்து வயது. புத்தகத்தில் எல்லாம் கடைசிப் பக்கத்தில் சரியாகிவிடும். எனக்குப் புத்தி சொல்ல வராதே. போய்ப் பரீட்சைக்குப் படி.

மாமா


ஜூலை 18

மாமாவுக்கு,

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கணக்கில் தொண்ணூற்றொன்று.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் மரியாதை குறைந்துவிட்டது, கிழித்துவிட்டேன். இதில் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

அவர் பெயர் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். பேய்ப்படம் எடுத்தவர் சிரிப்புப் படம் எடுத்தார், சிரிப்புப் படம் எடுத்தவர் போர்ப்படம் எடுத்தார். எப்படி முடிந்தது? எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் தெரியாதவராகவே போய், ஓட்டையில் கண்ணை வைத்து நின்றார். இருபத்திரண்டு வயது ஆபரேட்டரின் தவறிலிருந்துகூட எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னால் அவர் சின்னவராகிவிடுவார் என்று நீங்கள் நினைத்தால், அவர் பக்கத்தில் நின்றும் நீங்கள் அவரைப் பார்க்கவில்லை.

உங்களுக்காக அவர் முப்பத்து நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்காக நீங்கள் ஒரு நாள் வாயைத் திறக்கக் கூடாதா? கேடயத்தில் இருப்பது பொய் என்பது இப்போது நம் இருவருக்கும் தெரியும். அதைச் சுவரில் மாட்டி நீங்கள் தினமும் பார்க்கலாம். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் வேறு பக்கம்தான் பார்ப்பேன்.

கட்டுரையைத் தமிழய்யாவிடம் காட்டினேன். ஊர், பெயர் எதுவும் இல்லாமல் "ஓர் ஆபரேட்டர்" என்றுதான் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது பிழையைப் பற்றிச் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

கூட்டம் ஆகஸ்ட் 16. நான் அதை வாசிக்கப்போகிறேன். நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும்.

இந்தக் கடிதத்துக்கு அடிக்குறிப்பு கிடையாது.


ஆகஸ்ட் 11

அடிக்குறிப்புக்கு,

உன் கடிதம் மூன்று வாரம் என் சட்டைப்பையில் கிடந்தது. துவைத்தும் எழுத்து போகவில்லை. என்ன மை அது?

ஒன்பதாம் தேதி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம் அல்லவா.

குழுவினர் காலையிலேயே டப்பாக்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்தையும் ஆறையும் மாற்றி, புதுத் தாள் ஒட்டி, அழகாக எண் அச்சடித்திருந்தார்கள். செயலாளர் என் தோளைத் தட்டி, "உங்க கையில குடுத்தா கவலையே இல்ல, பிழையே செய்யாத ஆளு" என்றார். தலையாட்டினேன். அவர் கீழே போனதும் கேபின் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தத் தாழ்ப்பாளை நான் போட்டது அதுதான் முதல் முறை. இரும்பு துருப்பிடித்து, கை எல்லாம் வலித்தது.

பிலிமின் நுனியைப் பார்த்தேன். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். பார்த்துத்தான் மாட்டினேன்.

நாலு ரீல் போயிற்று. சாவு வந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, படியில் தடதடவென்று காலடி. கதவை இடிக்கிறார் செயலாளர்.

"கதவத் தொறய்யா! ரீல மாத்திப் போட்டுட்ட!"

"தெரியும் சார்."

"தெரியுமா? தெரிஞ்சா நிறுத்துய்யா!"

"நிறுத்த முடியாது சார். கீழ போய்த் தலைகளப் பாருங்க."

"தலையா? என்னய்யா உளர்ற? குடிச்சிருக்கியா?"

"டீதான் சார்."

அவர் இடித்துக்கொண்டே இருந்தார். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். முதல் வரிசையில் அவர் நாற்காலி காலி. மீதி எல்லாம் ஆணி அடித்தது போல. தலையணை உறை கிழிந்தபோது அந்தச் சத்தம் வந்தது. அதே சத்தம். கேபினில் என் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் நானே இறங்கிப் போனேன். முப்பத்தாறு வருடத்தில் அந்தத் திரைக்கு முன்னால் நான் நின்றதில்லை. அது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. சொன்னேன். மழை, மூடி, மணிக்கட்டு, எல்லாம். "அன்னைக்கு நடந்தது என் தப்பு. அதுதான் சரின்னு முடிவு பண்ணது அவரு. இன்னைக்கு நடந்தது தப்பு இல்ல. வேணும்னேதான் செஞ்சேன்" என்றேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். "என்னங்க இது? அந்தக் காட்சி வரிசையப் பத்தி நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கேன்!"

"படிச்சேன் சார். நல்லாத்தான் இருந்துது."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்தார் என்று நினைக்கிறேன். செயலாளர் சிரிக்கவில்லை. குழு கூடி முடிவெடுக்குமாம். எழுதியதுதான் ஆதாரம், வாய்ப்பேச்சு ஆதாரம் இல்லை என்கிறார். எடுக்கட்டும். அவர்கள் டப்பாவை எடுத்துப்போக வருவதற்குள் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, இரண்டு மூடியிலும் இயக்குநர் அன்று மாற்றிய எண்ணையே சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டேன். அழிக்க வேண்டுமானால் உட்கார்ந்து சுரண்டட்டும்.

கேடயத்தைச் சங்கம் நிறுத்தி வைத்திருக்கிறது. நிறுத்தாவிட்டாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே நீ தாராளமாக என் வீட்டுக்கு வந்து எந்தச் சுவரை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பதினாறாம் தேதி "ஓர் ஆபரேட்டர்" என்று வாசிக்காதே. "என் மாமா" என்று வாசி.

மாமா


ஆகஸ்ட் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நூலகரிடம் படித்துக் காட்டினேன். தூசி என்றார்.

பிறகு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வேண்டுமென்றேதான். காலையில் பார்த்தால் நான் மடித்தபடி இல்லாமல் வேறு மாதிரி மடிந்திருந்தது. அம்மா கூட்டத்துக்கு மட்டும் வருகிறேன் என்றாள். "உனக்காகத்தான் வர்றேன். வேற யாருக்காகவும் இல்ல" என்று கேட்காமலே சொன்னாள்.

அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் தலைகளைப் பார்க்க வேண்டும் என்று. "பைத்தியமாடீ உங்க பரம்பரைக்கே" என்றாள். அது அவளுடைய பரம்பரையும்தான் என்று நான் சொல்லவில்லை.

கட்டுரையில் பதினோரு படங்களையும் பற்றிச் சொல்லிவிட்டு, சிவப்பு மை பத்தியின் முன்னால் நிறுத்தினேன். தமிழய்யா முன்வரிசையில் இருந்தார். தாளைத் தூக்கி அவருக்கும் எல்லோருக்கும் காட்டினேன். "இந்தப் பத்தி அடிக்கப்பட்டது. அடித்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நான் யாரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர் இதை அடித்திருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். "என் மாமா" என்று ஆரம்பித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

தமிழய்யா ஒரு வாரத்துக்கு மன்றத்தில் நான் பேசக் கூடாது என்று தண்டனை கொடுத்தார். பிறகு தாழ்வாரத்தில் தனியாக நிறுத்தி, "உண்மையிலயே உன் மாமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வாரம் மூன்று நாளாகக் குறைந்தது.

குழுவுக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு அட்டை அச்சடிக்கட்டும். அட்டை வந்தால் அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்புவோம். பழைய வரிசையிலேயே ஓட்டும்வரை விடுவதாக இல்லை.

மேடையில் நின்றால் முகங்கள் மட்டும்தான் தெரிகின்றன மாமா. எல்லோரும் மரியாதையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எழுதிட்டுக் குடு, நானே சொல்லிக்கிறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

உங்கள் அடிக்குறிப்பு

*அண்ணா, இவ சொன்ன மாதிரி கடைசி வரிசையில உக்காந்து எல்லாத் தலையையும் பாத்தேன். ஒண்ணுகூட அசையல. என் தலைய மட்டும் நான் எப்படிப் பாக்குறது? அத நீ வந்து பாத்துச் சொல்லு.